பெனிட்டாயின் அளவைக் கூட்டியபின் தள்ளாட்டம்

வலிப்பைத் தடுக்கும் மருந்தான பெனிட்டாயினை 300 மில்லிகிராமிலிருந்து 400-க்கு உயர்த்திய இரண்டாம் வாரத்தில் உங்கள் தந்தைக்குத் தொடங்கிய தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும், நீங்கள் அஞ்சுவதுபோல் வலிப்பு நோய் முற்றியதால் வந்தவையாகத் தெரியவில்லை. மருந்து இரத்தத்தில் மிகுந்துவிட்டதன் அறிகுறிகளாகவே தோன்றுகின்றன.

கல்லீரல் இம்மருந்தை ஓர் எல்லைவரைதான் சிதைக்கும். அந்த எல்லையை நெருங்கிவிட்டவருக்கு மாத்திரையை மூன்றில் ஒரு பங்கு கூட்டினாலே இரத்தத்தில் அதன் அளவு இரட்டிப்பாகிவிடக் கூடும். கைக்கு எளிது என்பதற்காக 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை அப்படியே சேர்த்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. 50 மில்லிகிராமும் கிடைக்கிறது.

அவர் தலையை அசைக்காமல் இருக்க, உங்கள் விரலைக் கண்ணெதிரே மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பின்தொடரும் விழிகள் ஓரத்தில் வெட்டி வெட்டித் துடித்தால் ஐயம் வலுக்கும். உறுதிசெய்ய, காலை மாத்திரைக்கு முன் இரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். வழக்கமான வரம்பு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம். அல்புமின் என்னும் இரத்தப் புரதம் குறைந்தவரிடம் அந்த எண் ஏமாற்றும் என்பதால் அதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் ஓயாத தொடர்வலிப்பு வரக்கூடும். இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். உறக்கக் கலக்கமோ வாந்தியோ இருந்தாலும், விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.