ஏழு வாரக் கர்ப்பம், டிபெண்டன்ட் விசா: இங்கிலாந்தில் முதலில் என்ன செய்வது?

கேள்வி: இங்கிலாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் ஸ்கில்டு வொர்க்கர் விசா (வேலைக்கான விசா), மனைவி டிபெண்டன்ட், அதாவது என்னைச் சார்ந்து வந்தவர். மூன்று மாதமாக ஒரு கேர் ஹோமில் (பராமரிப்பு இல்லம்) வேலை பார்க்கிறார், இப்போது 7 வாரக் கர்ப்பம். ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) போனால் ஸ்கேன்கூட எழுதித் தரவில்லை. அம்மா ஊரிலிருந்து புரோஜெஸ்டிரோன் (ஹார்மோன்) மாத்திரை அனுப்பட்டுமா என்கிறார், மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்கிறார். டிவியைப் போட்டால் குடியேறிகளைப் பற்றித்தான் பேச்சு. பில் வருமா, வேலை போகுமா, பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்குமா?

பதில்: டிவியில் அடித்துக்கொள்வது உங்கள் நிரந்தரக் குடியிருப்புக் கணக்கைப் பாதிக்கலாம். மகப்பேறு பராமரிப்பை அது தொடவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று பதிவையே தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் கவலை. விசா எடுக்கும்போதே ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருப்பீர்களே, என்எச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவையின் மகப்பேறு பராமரிப்பு அதற்குள் அடக்கம். ஆஸ்பத்திரியில் விசா விவரம் கேட்டால் மிரள வேண்டாம், இணையத்தில் இருக்கும் இ-விசாவைக் காட்டுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது மிட்வைஃபிடம் (பிரசவம் பார்க்கும் செவிலியர்) புக்கிங், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்வது. ஜிபி வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, பல இடங்களில் ஆஸ்பத்திரியின் மகப்பேறு பிரிவு இணையதளத்தில் நீங்களே படிவம் நிரப்பலாம். 10 வாரத்துக்குள் முதல் சந்திப்பு நடந்துவிடுவது நல்லது, ஏனென்றால் தலசீமியா, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்களுக்கான பரிசோதனையை அதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். தாய்க்கு அந்த மரபணு இருப்பது தெரிந்தால் தகப்பனையும் பரிசோதிப்பார்கள், அதனால் நீங்களும் தயாராக இருங்கள்.

அந்த முதல் சந்திப்பில் கேள்விகள் அடுக்கடுக்காக வரும். நீங்கள் இருவரும் ரத்த சொந்தமா என்று கேட்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், யாரும் தீர்ப்பு சொல்வதற்காகக் கேட்பதில்லை, மரபணு நோய்க்கான வாய்ப்பைப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். சிகரெட் பக்கமே போகாதவரையும் ஒரு சின்னக் குழாயில் ஊதச் சொல்லி கார்பன் மோனாக்சைடு பார்ப்பார்கள். ஒரு கட்டத்தில் உங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று மனைவியிடம் தனியாகக் கேட்கலாம். எல்லாரிடமும் கேட்பதுதான், முகம் சுளிக்காதீர்கள். அவருக்கு ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இலவசம். கணவர் மொழிபெயர்ப்பதை அவர்கள் விரும்புவதில்லை, நானும் விரும்ப மாட்டேன்.

ஸ்கேன் விஷயம். ஊரில் கர்ப்பம் உறுதியான கையோடு ஸ்கேன் எடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய குறையாகத்தான் தெரியும். இங்கே ரத்தப்போக்கோ வலியோ இல்லாவிட்டால் முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள்தான். ரத்தம் பட்டால் ஜிபியிடமோ என்எச்எஸ் உதவி எண்ணான 111-இலோ பேசுங்கள், ஆரம்பக் கர்ப்பப் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஒரு பக்கமாகக் கடுமையான வயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் என்றால் காத்திருக்கவே கூடாது, நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள், கரு கருப்பைக்குள் போகாமல் குழாயிலேயே தங்கியிருக்கலாம்.

புரோஜெஸ்டிரோன் அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். முன்பு கருச்சிதைவு ஆகி, இப்போதும் ரத்தப்போக்கு இருக்கிறவர்களுக்குத்தான் இங்கே அதைப் பரிந்துரைக்கிறார்கள், எல்லாருக்கும் சத்து மாத்திரை மாதிரி தருவதில்லை. வேண்டியது தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், 12 வாரம் முடியும்வரை. கூடவே 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி. சர்க்கரை நோய் இருந்தால் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் தேவைப்படும், அதை ஜிபிதான் எழுத வேண்டும். அப்புறம், ரத்தம் ஊறட்டும் என்று ஈரல் சமைத்துக் கொடுக்காதீர்கள், அதில் வைட்டமின் ஏ அதிகம், கருவுக்கு ஆகாது.

யாரிடம் சொல்வது? கர்ப்பம் என்று தெரிந்தவர்களில் சுமார் எட்டில் ஒருவருக்குக் கருச்சிதைவு ஆகிறது, பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அந்த வகையில் அம்மா சொல்வதில் நியாயம் உண்டு, சொந்தபந்தத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கேர் ஹோம் வேறு கதை. அங்கே ஆளைத் தூக்கிப் புரட்ட வேண்டும், இரவு ஷிஃப்ட் இருக்கும். சட்டப்படி பிரசவத் தேதிக்கு 15 வாரம் முன்பு சொன்னால் போதும், நான் என்றால் இப்போதே சொல்வேன், அதுவும் எழுத்தில். எழுத்தில் கொடுத்துவிட்டால் அவருக்கென்று தனியாக ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டிய கடமை முதலாளிக்கு வந்துவிடும். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுப்பது, சேர்ந்த முதல் நாளிலிருந்தே சட்டவிரோதம். அவருடைய விசா உங்களோடு ஒட்டியது, கேர் ஹோமோடு அல்ல, அதனால் அந்த பயமும் வேண்டாம்.

மகப்பேறு ஊதியத்துக்கு, பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முந்தைய வாரத்தில் 26 வார வேலை முடிந்திருக்க வேண்டும். இப்போதே மூன்று மாதம் ஆகிவிட்டதால், அதே இடத்தில் தொடர்ந்தால் அந்தக் கணக்கு சரியாக வரும், சம்பளமும் குறைந்தபட்ச வரம்புக்குக் குறையக் கூடாது. விசாவில் 'பொது நிதி (அரசு உதவித்தொகை) கிடையாது' என்று இருப்பதைப் பார்த்துத் தயங்காதீர்கள், இந்த ஊதியம் பொது நிதியில் சேராது. பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகையான சைல்டு பெனிஃபிட் சேரும், அதற்கு விண்ணப்பிக்காதீர்கள்.

குடியுரிமை: 1983 ஜனவரி 1 முதல் இங்கே பிறப்பது மட்டும் போதாது, பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு பெற்றவராகவோ இருக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு அது கிடைத்தால் பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்யலாம். 2025 மே மாதம் அரசு வெளியிட்ட கொள்கை அறிக்கை (வெள்ளை அறிக்கை) நிரந்தரக் குடியிருப்புக்கான 5 வருடக் காத்திருப்பை 10 ஆக்க யோசனை சொன்னதே, டிவி சண்டையில் உங்களை உண்மையில் தொடுவது அதுதான். பார்த்துப் பொருமுவதற்குப் பதில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள். இந்தியா, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் கணக்கில் வருவதால், விசாவில் இருந்தாலும் இங்கே நாடாளுமன்றத் தேர்தல் வரை ஓட்டுப் போடலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

பிள்ளை பிறந்தபின் இங்கேயே இருக்கும்வரை விசா இல்லாவிட்டாலும் சட்ட மீறல் ஆகாது, ஆனால் வெளியே போனால் திரும்பி வர விசா வேண்டும். அதனால் தாத்தா பாட்டியைப் பார்க்க டிக்கெட் போடுமுன் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டும் டிபெண்டன்ட் விசாவும் கையில் இருக்கட்டும்.