கார்னிவல் சொகுசுக் கப்பல் நிறுவனம் எப்படித் தொடங்கியது? அதன் முதல் கப்பல்கள் என்னென்ன? அவற்றில் ஏதாவது இன்னும் இருக்கிறதா?

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: 1972ல் மயாமியில், டெட் ஆரிசன் என்பவர் ஒரே ஒரு பழைய கப்பலை வைத்துக்கொண்டு தொடங்கினார், அந்தக் கப்பல் முதல் பயணத்திலேயே துறைமுக வாசலில் தரை தட்டி நின்றது. அதிலிருந்து எப்படி உலகத்தின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் கம்பெனி ஆனது என்பதுதான் நீளமான பதில். நான் சரக்குக் கப்பல் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன், அதனால் எண்ணெய்ச் செலவு, பாய்லர் என்று கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரிசன் 1924ல் அப்போதைய பாலஸ்தீனத்தில், சிக்ரோன் யாகோவ் என்ற ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் யூதப் பிரிவில் இருந்தார், 1948 போரிலும் சண்டை போட்டார், 1950களில் அமெரிக்கா போய் விமானச் சரக்குத் தொழில் செய்தார். 1966ல் மயாமிக்கு வந்து, ஒரு இஸ்ரேலியக் கப்பலை வைத்துக் கரீபியன் சுற்றுலா நடத்த ஏற்பாடு செய்தார். டிக்கெட் எல்லாம் விற்றாயிற்று. அந்த நேரம் பார்த்துக் கப்பல் உரிமையாளர் கடனில் மூழ்கவும் கப்பல் கைவிட்டுப் போனது. பயணிகள் இருக்கிறார்கள், கப்பல் இல்லை.

அதே சமயம் நார்வேயில் க்னுட் க்ளோஸ்டர் என்ற கப்பல் முதலாளிக்கு இதற்கு நேர் எதிரான தலைவலி. இங்கிலாந்துக்காரர்களைக் காரோடு ஏற்றிக்கொண்டு, ஸ்பெயினை ஒட்டியிருக்கும் பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டர் பக்கம் போவதற்காக சன்வர்ட் என்று புத்தம் புதிதாக ஒரு கப்பல் கட்டியிருந்தார். ஜிப்ரால்டர் விஷயத்தில் ஸ்பெயின் கெடுபிடி செய்ய, வெளிநாடு போகிறவர் 50 பவுண்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசும் கட்டுப்பாடு போட, சில மாதங்களிலேயே அந்த வழித்தடம் படுத்துவிட்டது. கப்பல் இருக்கிறது, பயணிகள் இல்லை. ஆரிசன் செய்தது ஒரு போன் கால்தான். 1966 டிசம்பரில் சன்வர்ட் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்கு ஓட ஆரம்பித்தது. நார்வேஜியன் கரீபியன் லைன் பிறந்த கதை இது, இன்று நார்வேஜியன் க்ரூஸ் லைன் என்ற பெயரில் இருக்கிறதே, அதுதான். அதாவது இன்றைக்குப் போட்டி போடும் இரண்டு பெரிய கம்பெனிகளின் தொடக்கத்திலும் ஆரிசன் இருந்திருக்கிறார்.

ஐந்தாறு வருடம் நன்றாகவே போனது. அப்புறம் இருவருக்கும் பணக் கணக்கில் தகராறு, கோர்ட் வரை போய்ப் பிரிந்தார்கள். கப்பல்கள் எல்லாம் க்ளோஸ்டருடையவை. ஆரிசனிடம் மிஞ்சியது டிக்கெட் விற்கத் தெரிந்த ஒரு ஆபீஸ் மட்டும். கடலில் இதுதான் வேடிக்கை: கப்பல் வைத்திருப்பவனை விட, அதை நிரப்பத் தெரிந்தவன்தான் கடைசியில் பெரியவனாகிறான்.

அப்போது பழைய பயணிகள் கப்பல்கள் மலிவாகக் கிடைத்த காலம். 1958லேயே அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்தவர்களைவிட விமானத்தில் கடந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த கனடியன் பசிபிக் கம்பெனி, 1971 நவம்பரில் தன் கடைசிக் கப்பலையும் நிறுத்திவிட்டது. அந்தக் கப்பல்தான் எம்பிரஸ் ஆஃப் கனடா. 1961ல் நியூகாசிலுக்குப் பக்கத்தில் டைன் நதிக்கரையில் விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் தளத்தில் கட்டியது, 650 அடி நீளம், 27 ஆயிரம் டன், இரட்டை புரொப்பல்லர், நீராவி டர்பைன். பத்து வயதுதான், ஆனால் ஓட்ட வழியில்லாமல் லண்டனுக்குப் பக்கத்தில் டில்பரியில் கட்டிப் போட்டிருந்தார்கள். அதை 65 லட்சம் டாலருக்கு ஆரிசன் வாங்கினார். பணம் அவருடையது இல்லை, மெஷுலாம் ரிக்லிஸ் என்ற அமெரிக்கத் தொழிலதிபரின் கட்டுப்பாட்டில் பாஸ்டனில் இருந்த ஒரு சுற்றுலாக் கம்பெனி கொடுத்தது. கப்பலுக்கு மார்டி கிரா என்று பெயர் வைத்தார்கள். இருந்தது ஒரே கப்பல், ஆனால் விளம்பரத்தில் "தங்கக் கப்பற்படையின் தலைமைக் கப்பல்" என்று போட்டார்கள். தைரியத்தைப் பாருங்கள்.

கையில் காசு எவ்வளவு இறுக்கம் என்பதற்குப் புகைபோக்கியைப் பார்த்தால் போதும். கனடியன் பசிபிக்கின் சின்னம், அரைவட்டமும் முக்கோணமும் சேர்ந்த ஒரு வடிவம், பச்சை நிறத்தில் புகைபோக்கியில் ஏற்கெனவே வரைந்திருந்தது. அதை அழிக்காமல், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறத்தை மட்டும் மாற்றினார்கள். அதுவே கார்னிவலின் சின்னமாகி இன்றுவரை எல்லாக் கப்பலிலும் இருக்கிறது. பெயின்ட் அடிக்கிற செலவை மிச்சம் பிடிக்கப்போய் உலகம் முழுக்கத் தெரிந்த சின்னம் கிடைத்துவிட்டது.

1972 மார்ச் 11. முதல் பயணம். ஏறியவர்களில் சுமார் 300 பேர் டிராவல் ஏஜென்ட்டுகள், அதாவது இந்தக் கப்பலை விற்றுக் கொடுக்க வேண்டியவர்கள். மயாமி துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் கால்வாயின் வாயில், மயாமி கடற்கரையில் நிற்பவர்கள் கைகாட்டினால் தெரிகிற தூரத்தில், கப்பல் மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. மறுநாள் வரை அசையவில்லை. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது, பேப்பரில் எல்லாம் படம் வந்தது. கப்பலில் இருந்த பார் ஆட்கள் சளைக்காமல் "மார்டி கிரா ஆன் தி ராக்ஸ்" (ஐஸ் கட்டி போட்ட மது என்றும் பொருள், பாறையில் ஏறி நிற்கும் கப்பல் என்றும் பொருள்) என்று ஒரு மதுவைக் கலக்கி ஊற்றினார்கள் என்பது அந்தத் தொழிலில் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. கப்பலுக்குப் பெரிய சேதம் இல்லை, மிதக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். கணக்குப் புத்தகம்தான் மிதக்கவில்லை, அடுத்த இரண்டு வருடமும் நஷ்டம்.

1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. நீராவி டர்பைன் கப்பல் எண்ணெயைக் கணக்கில்லாமல் குடிக்கும், அதுவும் குளிர்கால அட்லாண்டிக்கில் கால அட்டவணை தவறாமல் 20 நாட் (அதாவது மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போகக் கட்டிய கப்பல். ஒரு கப்பலின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் தேவைப்படும் குதிரைசக்தி அதைவிட வேகமாகக் குறையும், கிட்டத்தட்ட வேகம் x வேகம் x வேகம் என்ற கணக்கில். 20 நாட்டில் போகிறதை 16க்கு இறக்கினால் உந்துசக்தி ஏறத்தாழ பாதி போதும். ஆகவே மெதுவாக ஓட்டினார்கள். மெதுவாகப் போனால் ஒரு வாரத்தில் எட்டிப் பிடிக்கிற தீவுகளின் எண்ணிக்கை குறையும், கடலிலேயே இருக்கும் நேரம் கூடும். டிக்கெட் விற்கிறவனுக்கு இது கெட்ட செய்தி, ஏனென்றால் அதுவரை எல்லாரும் எத்தனை ஊர் காட்டுகிறோம் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

மார்க்கெட்டிங் பொறுப்பில் இருந்த பாப் டிக்கின்சன் அதைத் திருப்பிப் போட்டார். ஊர்கள் எதற்கு, கப்பலே போதும் என்றார். நார்வேஜியனின் கப்பல்கள் புதியவை, பளபளப்பானவை, ஆனால் பெரியவையே 16 ஆயிரம் டன்தான். மார்டி கிரா பழையது, ஆனால் பெரியது. முதல் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் தனித்தனியாக, அட்லாண்டிக் குளிரில் வெளியே தலைகாட்ட முடியாதவர்கள் உட்காருவதற்காகக் கட்டிய கூடங்கள் அதில் நிறைய. வகுப்பு வேறுபாட்டை எடுத்துவிட்டால் அத்தனை இடமும் காசினோ, டிஸ்கோ, பார், மேடை நிகழ்ச்சி என்று எல்லாவற்றுக்கும் பயன்படும். "ஃபன் ஷிப்", அதாவது கேளிக்கைக் கப்பல், என்ற பெயர் அப்படி வந்தது. எல்லாரும் இதை மார்க்கெட்டிங் மேதைமை என்கிறார்கள். எனக்கென்னவோ எண்ணெய் பில்லுக்குப் போட்ட அழகான முகமூடி என்றுதான் தோன்றுகிறது, மேதைமை அந்த முகமூடி பொருந்தியதில் இருக்கிறது. கடலில் கூடுதல் நேரம் இருந்தால் பயணி பாரிலும் காசினோவிலும் கூடுதலாகச் செலவழிப்பான் என்பது கூடவே கிடைத்த லாபம். டிக்கெட்டை மலிவாகக் கொடுத்து உள்ளே ஏறியபின் சம்பாதிக்கும் இன்றைய வழக்கத்துக்கு வேர் அங்கேதான்.

1974ல் ரிக்லிஸ் பக்கம் பொறுமை போய்விட்டது. ஆரிசன் மொத்தக் கம்பெனியையும் ஒரு டாலருக்கு வாங்கினார். ஆமாம், ஒரு டாலர். கூடவே 50 லட்சம் டாலர் கடனும் அவர் தலையில். அடுத்த வருடமே லாபம் வந்தது, உடனே இரண்டாவது கப்பலுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த இரண்டாவது கப்பல் முதலாவதின் உறவுக்காரிதான். 1956ல் ஓட ஆரம்பித்த எம்பிரஸ் ஆஃப் பிரிட்டன், அதே கனடியன் பசிபிக் கம்பெனி, ஸ்காட்லாந்தின் கோவனில் கட்டியது, தண்ணீரில் இறக்கிவைத்தது எலிசபெத் ராணி. 1964ல் கிரீக் லைன் வாங்கி குவீன் அன்னா மரியா ஆக்கியது, 1975ல் அந்தக் கம்பெனி திவாலானதும் கார்னிவல் வாங்கி கார்னிவாலே என்று பெயர் வைத்து 1976ல் ஓடவிட்டது. இதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது, இன்ஜின் ரூமில் இருந்தவர்களுக்குப் புரியும்: ஒரே குடும்பத்துக் கப்பல்கள் என்றால் ஒன்றில் பழகிய ஆள் இன்னொன்றில் திண்டாட மாட்டான்.

மூன்றாவதுதான் மூன்றில் அழகி. க்ளைடு நதிக்கரையில் ஜான் பிரவுன் தளத்தில் கட்டி 1962ல் முதல் பயணம் போன டிரான்ஸ்வால் காசில். சவுத்தாம்டனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையே தபால் சுமந்த யூனியன் காசில் கம்பெனியின் கப்பல், 760 அடி. பிறகு தென்னாப்பிரிக்கக் கம்பெனி வாங்கி எஸ்.ஏ. வால் ஆனது. 1977ல் அந்தத் தபால் சேவையே நின்றதும் கார்னிவல் வாங்கி, ஜப்பானில் கோபே நகரத்துக் கவாசாகி தளத்துக்கு அனுப்பி, நிறையச் செலவழித்துப் புதுப்பித்தது. தபாலும் சரக்கும் இருந்த இடத்தில் அறைகள் வந்தன. 728 பேரை ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் ஏறத்தாழ இரண்டு மடங்குப் பேரை ஏற்றும்படி ஆனது. 1978ல் ஃபெஸ்டிவாலே என்ற பெயரில் மயாமிக்கு வந்தது. உள் அலங்காரம் ஜோ ஃபார்கஸ், பின்னாளில் கார்னிவல் கப்பல்களின் கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்கெல்லாம் காரணமானவர். எனக்கு அந்த ரசனை ஒத்துவராது, ஆனால் பயணிகளுக்குப் பிடித்தது, அவ்வளவுதான்.

எண்ணெய் விலை எகிறிக்கொண்டிருந்த அதே 1970களின் கடைசியில் ஆரிசன் புதுக் கப்பலுக்கே ஆர்டர் கொடுத்தார். டென்மார்க்கின் ஆல்போர்க்கில் கட்டிய டிராபிகாலே, 36 ஆயிரம் டன், 1982 தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தது. நீராவி போய் டீசல் வந்தது. திமிங்கில வால் மாதிரி இரண்டு பக்கமும் விரிந்த அந்தச் சிவப்புப் புகைபோக்கி முதலில் வந்தது இதில்தான், ஃபார்கஸின் வேலை. அதன்பின் ஹாலிடே (1985), ஜூபிலி (1986), செலிப்ரேஷன் (1987) என்று வரிசையாக வந்தன. 1979லிருந்தே கம்பெனியை நடத்தியது மகன் மிக்கி ஆரிசன். 1987ல் 20 சதவீதப் பங்கைச் சந்தையில் விற்று சுமார் 40 கோடி டாலர் திரட்டினார்கள், 1989ல் நூறு வயது தாண்டிய ஹாலந்து அமெரிக்கா லைனையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது பணக்காரக் கம்பெனியின் கதை, எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

கேள்வியில் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், அந்தப் பழைய கப்பல்களில் ஏதாவது இன்னும் இருக்கிறதா என்று. இல்லை. பெரும்பாலும் நம் நாட்டில்தான் முடிந்தன. மார்டி கிரா, ஃபெஸ்டிவாலே இரண்டும் 2003ல் குஜராத்தின் ஆலங் கப்பல் உடைக்கும் தளத்துக்கு வந்தன. கார்னிவாலே கடைசிக் காலத்தில் டோபாஸ் என்ற பெயரில் ஜப்பானின் பீஸ் போட் அமைப்புக்காக உலகம் சுற்றிவிட்டு 2008ல் அங்கேயே வந்தது. ஜூபிலி 2017ல். ஹாலிடேயும் செலிப்ரேஷனும் கொரோனாவில் வேலையில்லாமல் நின்று 2021ல் அதே ஆலங்கில். டிராபிகாலே மட்டும் வேறு விதம், 2016ல் தாய்லாந்துக் கரையோரம் ஆளில்லாமல் நின்றிருந்தபோது சாய்ந்து மூழ்கிவிட்டது. இப்போது மார்டி கிரா என்ற பெயரில் ஓடுவது 2021ல் சேவைக்கு வந்த புதுக் கப்பல், 1 லட்சத்து 80 ஆயிரம் டன், மேல்தளத்தில் ரோலர் கோஸ்டர் எல்லாம் உண்டு, பழையதோடு பெயர் மட்டும்தான் ஒன்று.

அந்தக் காலத்து மயாமிக் கப்பல் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க ஆசையாக இருந்தால், சென்னையிலிருந்து சில சீசன்களில் கிளம்பும் கோர்டேலியா எம்பிரஸில் ஏறிப் பாருங்கள். கார்னிவல் இல்லை, போட்டிக் கம்பெனியான ராயல் கரீபியனுக்காக 1990ல் பிரான்ஸில் கட்டியது, அப்போதைய பெயர் நார்டிக் எம்பிரஸ், மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நான்கு நாள் போய்வருவதற்கென்றே வடிவமைத்தது. சன்வர்ட் தொடங்கி வைத்த அதே வழித்தடம். சாப்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.