ரோஜாப் பூங்கா: கேளுங்கள், சொல்கிறோம்

கே: ஜனவரி கடைசியில் ஊட்டி ரோஜாப் பூங்காவுக்குப் போனோம். வெறும் குச்சிகள்தான். பராமரிப்பே இல்லையா? (ஈரோடு)

பராமரிப்பு நடப்பதால்தான் குச்சி. அது கவாத்துப் பருவம், அதாவது கிளைகளை வெட்டிவிடும் காலம். அந்தக் குளிரில் வெட்டிய செடி மறுபடி பூக்க மூன்று மாதம் பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். கண்காட்சி நாட்களில் கூட்டம் நெரியும், தவிர்த்துவிடுங்கள்.

கே: கவாத்து செய்த கிளைகள் நுனியிலிருந்து கருகுகின்றன.

மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கியிருக்கும், அல்லது கணுவில் உள்ள துளிர் மொட்டுக்கு மேல் நீளமாகக் கட்டை விட்டிருப்பீர்கள். வெளிநோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். கருகியதை வெள்ளைத் தண்டு தெரியும்வரை நறுக்கி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசை தடவுங்கள். செடிக்குச் செடி கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

கே: எங்கள் ஊர்ப் பூங்காவில் 'பீஸ்' என்ற பலகைக்குப் பின்னால் கருஞ்சிவப்புப் பூ. எது சரி?

பலகைதான் தப்பு. 1945இல் பெயர் சூட்டப்பட்ட பீஸ் ரகம், ஓரத்தில் இளஞ்சிவப்பு படர்ந்த மஞ்சள் பூ. இந்தக் குளறுபடி எத்தனையோ பூங்காக்களில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பெயர் தப்பினால் அது ரகத் தொகுப்பு அல்ல, வெறும் பூப்பாத்தி. ஊட்டிப் பூங்காவுக்கு 2006இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு விருது கொடுத்தது. ஆயிரக்கணக்கில் ரகம் வைத்திருக்கும் அப்படிப்பட்ட இடத்துக்குப் பெயர்தான் உயிர்.

தப்பு எப்படி நேர்கிறது? செடி செத்ததும் நர்சரியில் கிடைத்ததை அந்தக் குழியில் நடுவார்கள், பலகையைத் தொடமாட்டார்கள். அல்லது மேலே ஒட்டுக்கட்டிய ரகம் பட்டுப்போய், அதைத் தாங்கிய வேர்ச்செடி பூத்திருக்கும். எனவே பாத்திக்கு ஒரு வரைபடம், செடிக்கு ஒரு எண் அவசியம். எண்ணை அலுமினியத் தகட்டில் குத்தி, தண்டிலிருந்து அரை அடி தள்ளி இரும்புக் கம்பியில் மாட்டுங்கள். தண்டில் கட்டினால் கம்பி இறுகி, பட்டைக்குள் புதைந்துவிடும். செத்த செடியைப் பிடுங்கும் அன்றே தகட்டையும் எடுத்து, வரைபடத்தில் குறியுங்கள். ரகத்துக்கு மூன்று செடியாவது வேண்டும். கவாத்தில் குப்பைக்குப் போகும் நல்ல கிளையிலிருந்து துளிர் மொட்டு எடுத்து வேர்ச்செடியில் கட்டிவைத்தால் அதே ரகத்தைத் திரும்ப நடலாம்.

கே: ஒரு காம்பில் ஏழு இலை விடும் தளிரெல்லாம் வேர்ச்செடிதானே?

இல்லை. நல்ல ரகங்களிலும் ஏழிலை வரும். இலையை எண்ணாதீர்கள், மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே கிளம்பியிருந்தால் பிடித்துக் கிழித்தெடுங்கள். வெட்டினால் இரட்டிப்பாக வரும்.

கே: ரோஜா வாடுகிறது. என்ன மருந்து?

தரையா தொட்டியா, வெயில் எவ்வளவு, இலையில் என்ன தெரிகிறது? ஒன்றுமே எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி?

கே: இலையில் கரும்புள்ளி, பிறகு மஞ்சளாகி உதிர்கிறது. மாலையில் ஸ்பிரிங்க்ளர் விடுகிறோம்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இலை ஏழு மணி நேரம்போல ஈரமாக இருந்தாலே பூஞ்சை முளைத்துவிடும். காலையில், வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள். உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரியுங்கள். மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கமும் நனைய, 10 நாளுக்கு ஒருமுறை. இங்கேயும் கத்தரியைத் துடையுங்கள்.

கே: பூங்காவில் ஒரு குச்சி ஒடித்துவந்து நடலாமா?

கூடாது.