இயற்கையின் கைங்கரியம்

அன்புள்ள ஐயா,

எங்கள் நடைப்பயிற்சி நண்பர்களுக்குள் ஒரு வாரமாக வாக்குவாதம். சீனாவில் ஒருவர் கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கவைத்த பழைய செய்தியிலிருந்து தொடங்கியது. நாளை வசதி படைத்தவர்கள் அறிவும் அழகும் உயரமும் கூட்டிய பிள்ளைகளைப் பெற்றுக்கொள்வார்கள், ஏழைகளின் பிள்ளைகள் அவர்களுக்குச் சேவகம் செய்வார்கள், மனிதகுலமே இரண்டு இனமாகப் பிரிந்துவிடும் என்பது என் கட்சி. மரபணு மாற்றிய கத்தரிக்காயை எதிர்த்த நாம் மரபணு மாற்றிய மனிதனை எப்படி ஏற்பது? நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். இயற்கை ஒருபோதும் தவறு செய்வதில்லை என்றே என் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். மரபணுப் பொறியியலால் சமூகத்துக்கு நன்மை அதிகமா, தீங்கு அதிகமா? தங்கள் கருத்தை அறிய ஆவல்.

க.

அன்புள்ள க.,

இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ‘இயற்கை ஒருபோதும் தவறு செய்வதில்லை’ என்ற வரி விடவில்லை. இதை ஒரு சாமியார் சொன்னால் கும்பிட்டுவிட்டு நகரலாம். வகுப்பில் நின்று ஓர் ஆசிரியர் சொல்லியிருக்கிறார் என்றால் அந்த வகுப்புப் பிள்ளைகளை நினைத்துக் கவலையாக இருக்கிறது.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுகிறேன். உயரமும் அறிவும் கூட்டிய பிள்ளைகள் இப்போதைக்கு வரமாட்டார்கள். உயரம் என்ற ஒன்றில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகள் பங்கேற்கின்றன என்று, 50 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவுகளை அலசி 2022இல் கண்டார்கள். அத்தனையையும் எந்தக் கடையில் திருத்திக்கொள்வது? பணக்காரப் பிள்ளைகள் முந்திப்போவதற்கு மரபணுவும் தேவையில்லை, கோச்சிங் சென்டர் போதும். நீங்கள் அஞ்சும் இரண்டு இனம் ஏற்கெனவே நம் தெருவில் வெவ்வேறு பள்ளிக்கூட வேன்களில் ஏறிக்கொண்டிருக்கிறது.

சீனக்காரரின் பெயர் ஹெ ஜியான்குய். 2018 நவம்பரில் செய்தி வெளியானது. தகப்பனுக்கு எச்.ஐ.வி. இருந்தது, பிள்ளைகளுக்கு அது வராமல் தடுக்கிறேன் என்று, எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையும் வாசலைச் செய்யும் சிசிஆர்5 என்ற மரபணுவைக் கருவில் வெட்டினார். தகப்பனிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றாமல் காக்க அதைவிட எளிய வழி, விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தும் வழி, பல ஆண்டுகளாகவே இருந்தது. தேவையே இல்லாத இடத்தில், எதிர்த்துப் பேச வாயில்லாத கருவில் செய்த வெட்டு அது. அது மருத்துவமே அல்ல. அந்த நாட்டு நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறை கொடுத்தது. நானாக இருந்தால் கூட்டிக் கொடுத்திருப்பேன். கத்தரிக்காய் இன்னொரு நாள்.

இனி இயற்கைக்கு வருவோம்.

என் சித்தி மகனுக்கு ஒரு வயதில் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, ஆசாரி கம்பியைச் செருகினார். எல்லாக் குழந்தைகளையும் போல வீறிட்டான், வாயில் சர்க்கரை வைத்ததும் அடங்கினான். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்போதும் காதிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. பீறிடவில்லை, சொட்டிக்கொண்டே இருந்தது. மஞ்சள் அப்பினார்கள். காப்பித்தூள் அப்பினார்கள். ஒரு கிழவி கோயில் மண்டபத்து ஒட்டடையை வழித்துக்கொண்டு வந்து வைத்தாள். மாமாவின் புது வேட்டி மடிப்பகுதியில் காய்ந்து மொரமொரவென்று விறைத்துவிட்டது. மறுநாளும் சொட்டியது. அதற்கு மறுநாளும்.

ஹீமோஃபீலியா என்றார்கள். அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைய வரிசையாக வேலைசெய்யும் புரதங்களில் எட்டாவது, ஃபேக்டர் எட்டு, அவன் உடம்பில் உருவாகவில்லை. வெளியே வழியும் ரத்தம்கூடப் பெரிதில்லை, மூட்டுக்குள் கசிவதுதான் இந்த நோயின் கொடுமை. நன்றாக விளையாடிவிட்டுப் படுத்தவன் நடுராத்திரியில் ‘அம்மா, உள்ளே குறுகுறுக்கிறது’ என்பான். வீக்கம் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். விடிவதற்குள் முழங்கால் பப்பாளிக்காய் போலப் பளபளத்து நிற்கும். தெருவில் ஃபிரிட்ஜ் இருந்த ஒரே வீட்டின் கதவைச் சித்தி எந்த நேரத்திலும் தட்டுவாள், ஐஸ் கட்டிக்காக. அந்த வீட்டார் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை, அவர்கள் நன்றாக இருக்கட்டும். முகம் சுளித்தவர்கள் சித்தியின் புகுந்த வீட்டார். தாய் வழியாக ஆண்பிள்ளைக்கு வரும் நோய் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘உன் ரத்தத்தில் வந்த வினை’ என்று அவளிடம் சொல்லாத நாளில்லை. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட விஷயம் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள்.

பல ஆண்டுகள் கழித்து வேலூரில் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். ஃபேக்டர் எட்டின் மரபணுவில் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தது. இந்த வகை ஹீமோஃபீலியா கடுமையாக உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதே கோளாறுதான். சித்திக்கும் அது இருந்தது. என் அம்மாவுக்கு இல்லை. இனி கவனியுங்கள், வேதியியல் ஆசிரியரே. இந்தத் தலைகீழ்த் திருப்பம் பெரும்பாலும் ஆணின் விந்தணு உருவாகும்போது நிகழ்கிறது. அதாவது சித்தியைப் பெற்ற என் தாத்தாவிடம் நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த நோயோடு பிறப்பவர்களில் சுமார் மூன்றில் ஒருவரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை. யாரும் பாவம் செய்யவில்லை, நாகதோஷமும் இல்லை. இயற்கை தன் பாட்டுக்கு மரபணுவை வெட்டி, திருப்பி, ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. எந்த நெறிமுறைக் குழுவிடமும் அது அனுமதி கேட்கவில்லை. பழியை ஒரு பெண் முப்பது வருடம் சுமந்தாள். இயற்கை தவறு செய்வதில்லை என்று அவளுக்கு எதிரில் நின்று சொல்லிப் பாருங்கள்.

‘இயற்கையானது நல்லது, செயற்கையானது கெட்டது’ என்ற உங்கள் கணக்கு இதே நோயில் எப்படிக் கவிழ்ந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1970களில் மேலைநாடுகளில் ஃபேக்டர் எட்டை மனித ரத்தத்திலிருந்து பிரித்து மருந்தாக்கினார்கள். உங்கள் கட்சிப்படி நூறு சதவீதம் இயற்கை. ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஒன்றாகக் கலந்து எடுத்தார்கள். அமெரிக்கச் சிறைக் கைதிகளிடம் காசு கொடுத்து வாங்கியதும் அதில் சேர்ந்தது. ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் போதும், மொத்தக் கலவையும் விஷம். எச்.ஐ.வி. அதன் வழியாகத்தான் போனது. அமெரிக்காவின் ஹீமோஃபீலியாக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொற்றியது. பிரிட்டனில் ரத்தப்போக்கு நோய் உள்ளவர்களில் சுமார் 1,250 பேருக்கு, அவர்களில் 380 பேர் குழந்தைகள். அந்த நாட்டு விசாரணைக் குழுவின் அறிக்கை வருவதற்கு 2024 மே மாதம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுப் பையனுக்கு அந்த விலையுயர்ந்த மருந்து கிடைக்காததால் எச்.ஐ.வி. தப்பியது. ஆனால் அவ்வப்போது ஏற்றிய பிளாஸ்மாவில் ஹெபடைட்டிஸ் சி வந்து சேர்ந்தது. ஏழ்மைக்கு நன்றி சொன்ன குடும்பம் எங்களுடையது, அதுவும் பாதி நன்றிதான்.

இந்தக் கொலையை எது நிறுத்தியது? கிருமியைக் கொல்லச் சூடாக்கும் முறை ஒன்று. இன்னொன்று உங்களுக்கு ஆகாத மரபணுப் பொறியியல். ஃபேக்டர் எட்டின் மரபணுவை 1984இல் பிரித்தெடுத்தார்கள். அதைச் சீன ஹாம்ஸ்டர் என்ற எலியினப் பிராணியின் சூலகச் செல்களுக்குள் வைத்து, தொட்டிகளில் வளர்த்து, மனிதனின் புரதத்தைச் செய்யவைத்தார்கள். 1992இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. மனித ரத்தத்திலிருந்து எடுத்தது கொன்றது, எலிச் செல்லில் விளைந்தது காப்பாற்றியது. நடைப்பயிற்சியில் இதை விவாதியுங்கள். கூடவே உங்களில் யார் யார் இன்சுலின் போட்டுக்கொள்கிறீர்கள் என்றும் கேட்டுப்பாருங்கள். 1982 முதல் அதுவும் மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளின் உபயம்.

அபாயமே இல்லையா என்றால், இருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற பதினெட்டு வயதுப் பையன் மரபணுச் சிகிச்சைப் பரிசோதனையில் இறந்தான். மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் ஓரளவு நன்றாகவே இருந்தவன், மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று முன்வந்தவன். பாரிஸில் நோய் எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குச் செய்த சிகிச்சை அவர்களைக் காப்பாற்றியது. அவர்களில் சிலருக்குப் பிறகு ரத்தப் புற்றுநோயும் வந்தது. உள்ளே செலுத்திய மரபணு போய் உட்கார்ந்த இடம் சரியில்லை. விலையைச் சொன்னால் தலை சுற்றும். ஹீமோஃபீலியாவின் இன்னொரு வகைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெம்ஜெனிக்ஸ் மருந்து ஒரே ஊசி, 35 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் 28 கோடி ரூபாய்க்கு மேல். இதைப் பற்றி நீங்கள் கோபப்பட்டு எழுதியிருந்தால் உங்கள் கடிதத்தை முகப்பில் போட்டிருப்பேன்.

அதனால்தான் வேலூரைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது. சி.எம்.சி.யில் ஐந்து ஆண்களுக்குச் செய்த மரபணுச் சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே, ரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களைப் பிரித்து, ஃபேக்டர் எட்டு செய்யும் மரபணுவை அவற்றில் ஏற்றி, திரும்ப அவர் உடம்பிலேயே செலுத்துகிறார்கள். அதற்கு முன் எலும்பு மஜ்ஜையில் இடம் ஒழிக்கக் கடும் மருந்து கொடுக்கவேண்டும், முடி கொட்டும், பல நாள் ஆஸ்பத்திரி வாசம், விளையாட்டுக் காரியமில்லை. ஐந்து பேரே, கண்காணிப்பும் சில ஆண்டுகளுக்குள் அடங்குவது. ஆனால் புது அணுக்கள் நிலைகொண்ட பிறகு கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. மரபணுவைச் சுமந்து செல்லும் வாகனம் எது தெரியுமா? நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கிய எச்.ஐ.வி. ஒரு தலைமுறையையே அழித்த அதே வைரஸின் பல்லைப் பிடுங்கி இவர்கள் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அந்த மரபணுவிலும் பன்றியிடமிருந்து சில பகுதிகள் கலந்திருக்கின்றன, அப்போதுதான் அதிகமாகச் சுரக்கிறதாம். வைரஸ், பன்றி, மனிதன்! உங்கள் நண்பர்களில் ஆசாரமானவர்கள் இருந்தால் உட்காரவைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்தப் பேச்சை நான் தம்பியிடம், அந்தச் சித்தி மகனிடம், உற்சாகமாகச் சொன்னபோது அவன் அசையவில்லை. முழங்கால்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கவலை வேறு. இந்த நோய் உள்ள ஆணின் மகன்களுக்கு அது போகாது, மகள்கள் எல்லோரும் சுமப்பார்கள். அவன் மகள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். பதினோராம் வாரவாக்கில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்த்தால், ஆண்கருவாக இருந்து நோயும் இருந்தால் தெரிந்துவிடும். சட்டமும் இதை அனுமதிக்கிறது. மருமகனின் வீட்டார் பார்த்துவிடச் சொன்னார்கள். பார்த்தபிறகு என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

‘அண்ணா, அந்தக் காலத்திலேயே இந்தச் சோதனை இருந்திருந்தால் நான் பிறந்திருப்பேனா?’ என்றான்.

க., நீங்கள் தேடும் அபாயம் இங்கே இருக்கிறது, சீனாவில் இல்லை. மரபணுவைத் திருத்துவதற்குக் கோடிகள் வேண்டும். களைந்துவிடுவதற்குச் சில ஆயிரங்கள் போதும். வெறும் ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு இந்த நாடு என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாதா? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்கக்கூடாது என்று 1994இல் சட்டம் போட்டோம். அதன் பிறகும் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்கு 945 பெண்பிள்ளைகள் என்று 1991இல் இருந்தது 2001இல் 927 ஆனது. யார் பிறக்கலாம் என்று முடிவு செய்யும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அதற்காகச் சோதனையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நடுராத்திரியில் ஐஸுக்காகக் கதவு தட்டியவள் என் சித்தி, அந்த வாழ்க்கை இன்னொருத்திக்கு வேண்டும் என்று சொல்ல நான் யார்?

தம்பி கேட்டதற்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது சித்தியே உள்ளிருந்து சொன்னாள். ‘உன் அப்பா வீட்டார் விட்டிருக்கவே மாட்டார்கள். அவர்களை எதிர்த்து நிற்க எனக்கும் அப்போது துணிச்சல் கிடையாது. நல்லவேளை, ஒன்றும் தெரியாமல் பெற்றேன்.’ சொல்லிவிட்டு அவனுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள், டம்ளரை ஆற்றி.

அவன் மகள் சோதனை செய்துகொண்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த கடிதத்தில் நீங்களும் விசாரிக்காதீர்கள்.