வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமராவும் பதிவுக் கருவியும் அமைக்க விரும்புகிறேன். எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

புறநகர்ப் பகுதியில் இரண்டு தளங்கள் கொண்ட தனி வீடு, முன்னால் கேட், ஒரு பக்கம் ஆள் நடக்கும் அளவுக்குச் சந்து, பின்னால் கொல்லைப்புறம். இதற்கு எத்தனை கேமராக்கள் வைக்கலாம், பதிவுக் கருவிகளின் இரு வகைகளான டிவிஆர், என்விஆர் ஆகியவற்றில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். திருச்சி வட்டாரத்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இந்த வேலையைச் செய்து கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்கு நான்கு கேமராக்கள் தாராளமாகப் போதும். ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, ஏதேனும் நடந்துவிட்டால் பதிவைத் திறந்து பார்க்கும்போது அதில் என்ன தெரிந்தாக வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். கைபேசியில் வீட்டை நேரலையாகப் பார்ப்பது நிம்மதி தருவதுதான். என்றாலும் திருட்டு நடந்த வீட்டுக்கு வரும் காவல்துறையினர் கேட்பது பதிவைத்தான். எந்த இடத்தில் முகம் தெரிய வேண்டும், எத்தனை நாள் பதிவு கையில் இருக்க வேண்டும் என்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் மற்றவை எளிதாக முடிவாகிவிடும்.

ஆள் நடமாட்டம் தெரிவது வேறு, வந்த ஆள் யாரென்று தெரிவது வேறு. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஈசி 62676 என்ற சர்வதேசத் தரநிலை இதை எண்ணிக்கையாகவே வகுத்திருக்கிறது: காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளிகள்) விழுந்தால் ஆள் இருப்பது தெரியும்; தெரிந்த ஆளை அடையாளம் கண்டுகொள்ள 125 பிக்சல் வேண்டும்; முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 பிக்சல் வேண்டும். கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம் உடையது. அதில் 2.8 மி.மீ. லென்ஸ் இருந்தால் பார்வைக் கோணம் ஏறத்தாழ 100 பாகை. 10 மீட்டர் தொலைவில் அது 24 மீட்டர் அகலத்தைக் காட்டுவதால், மீட்டருக்கு 80 பிக்சல்தான் கிடைக்கும். அதே கேமரா 6 மி.மீ. லென்ஸோடு வந்தால் கோணம் 50 பாகையளவுக்குக் குறுகி, 8 மீட்டர் தொலைவில்கூட 250 பிக்சலைத் தொட்டுவிடும். அதனால் கேட்டுக்கு 6 மி.மீ. லென்ஸும், போர்ட்டிகோவுக்கும் சந்துக்கும் கொல்லைக்கும் 2.8 அல்லது 3.6 மி.மீ. லென்ஸும் வாங்கச் சொல்வேன். நான்கு கேமராக்களையும் ஒரே லென்ஸில் கட்டி விற்கும் தொகுப்புகள் விலையில் மலிவாகத் தெரிந்தாலும், கேட்டில் நின்ற முகத்தை அவை தருவதில்லை.

உயரத்தையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று முதல் தளத்துச் சன்ஷேடில் கேமராவை மாட்டச் சொல்பவர்கள் அதிகம். அங்கிருந்து பார்த்தால் உச்சந்தலையும் தொப்பியும்தான் பதிவாகும். தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர் போதுமானது. வாசல் கிழக்கு நோக்கியிருந்து கேமராவும் அதே பக்கம் பார்த்தால், காலை வெயிலில் வருபவரின் முகம் கறுத்துப்போகும். அந்த இடத்துக்கு மட்டும் 120 டெசிபல் அளவுக்கு உண்மையான டபிள்யூடிஆர் வசதி (வெயிலும் நிழலும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியச் செய்வது) உள்ள கேமராவைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் 'டிஜிட்டல் டபிள்யூடிஆர்' என்று அச்சிட்டிருந்தால் அது படத்தின் வெளிச்சத்தை மென்பொருளால் சரிக்கட்டுவது மட்டுமே.

பகலில் நன்றாகத் தெரியும் படம் இரவில் கெட்டுப்போவதுதான் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் புகார். இருட்டியதும் கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அருகில் வெள்ளையடித்த சுவரோ சன்ஷேடின் அடிப்பகுதியோ இருந்தால் அந்த ஒளி அதில் பட்டுத் திரும்பி லென்ஸையே நிரப்பிவிடும். சுவர் பளீரென்று தெரிய, கேட் இருக்கும் இடம் இருண்டு கிடக்கும். விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் வர, பூச்சிகளுக்காகச் சிலந்தி வர, ஒரே ஒரு நூலிழை லென்ஸுக்கு முன்னால் கயிறு போலத் தடித்து, காற்றில் ஆடும்போதெல்லாம் ஆள் நடமாட்டம் என்று கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும். இதற்கு மாதம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியை அந்தப் பக்கம் காட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. துளையிட்டுக் கேபிளைப் பதிப்பதற்கு முன்பு, கேமராவைத் தற்காலிகமாகக் கட்டி வைத்து, இரவில் வீட்டில் ஒருவரைக் கேட்டருகே நிற்கவைத்துப் பதிவு செய்து பாருங்கள். முகம் வெளுத்துத் தெரிந்தால் கோணத்தைச் சற்றுத் திருப்புவதும், கேட்டருகே ஒரு சிறிய எல்இடி விளக்கை இரவு முழுவதும் எரியவிடுவதும் பெரும்பாலும் பலன் தரும்.

இனி டிவிஆரா என்விஆரா என்ற கேள்விக்கு வருகிறேன். டிவிஆரில் கேமராவிலிருந்து கோஆக்சியல் கேபிள் வழியாக வரும் படத்தைப் பதிவுக் கருவி சுருக்கிச் சேமிக்கிறது. என்விஆரில் கேமராவே படத்தைச் சுருக்கி, நெட்வொர்க் கேபிள் வழியாக அனுப்புகிறது. வீட்டில் ஏற்கெனவே கோஆக்சியல் கேபிள் நல்ல நிலையில் பதிக்கப்பட்டிருந்தால் டிவிஆரே போதும். டிவிஆரோடு இணையும் இன்றைய எச்டி அனலாக் கேமராக்களின் தெளிவு வீட்டுக்குக் குறைவானதன்று. புதிதாகக் கேபிள் இழுப்பதாக இருந்தால், சற்றுக் கூடுதல் செலவானாலும் பிஓஇ வசதியுள்ள (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும்) என்விஆரையும் அதோடு இணையும் ஐபி கேமராக்களையும் நான் பரிந்துரைப்பேன். படமும் மின்சாரமும் 'கேட்6' (Cat6) வகை நெட்வொர்க் கேபிள் ஒன்றிலேயே 100 மீட்டர் வரை போகும் என்பதால், ஒவ்வொரு கேமராவுக்கும் தனி அடாப்டரும் அதற்கொரு பிளக்கும் தேடி அலைய வேண்டியதில்லை. வைஃபை கேமராக்கள் வாடகை வீட்டுக்கும் ஓர் அறைக்கும் ஏற்றவை. ஆனால் அவற்றுக்கும் மின்கம்பி போயாக வேண்டும், பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் மட்டும் இருந்தால் கேமராவோடு பதிவும் போய்விடும்.

எதை வாங்கினாலும் கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கம்பிகள் சந்தையில் நிறைய உள்ளன. அவற்றில் மின்தடை அதிகம். பகலில் கேமரா குறைந்த மின்சாரமே எடுப்பதால் ஒன்றும் தெரியாது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் கூடுதல் மின்சாரத்தை இழுக்க, 12 வோல்ட்டாகப் புறப்பட்டது நீண்ட கேபிளின் மறுமுனையில் போதாமல் போய், கேமரா அணைந்து அணைந்து எரியும். கேமரா பழுது என்று நினைத்து அதை மாற்றியும் பிரச்சினை தீராத வீடுகளுக்குப் போய் நான் மாற்றித் தந்தது கேபிளைத்தான். பிஓஇ முறையில் ஏறத்தாழ 48 வோல்ட்டில் மின்சாரம் செல்வதால் இந்த இழப்பு மிகவும் குறைவு, ஆனால் அங்கும் முழுச் செம்புக் கேபிள்தான் வேண்டும்.

ஹார்ட் டிஸ்கின் அளவை வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். ஒரு கேமரா வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜிகாபைட் ஆகும். 2 மெகாபிக்சல் கேமராவை எச்.265 என்ற படச்சுருக்க முறையில் 2 மெகாபிட்டுக்கு அமைத்தால், நான்கு கேமராக்களுக்கு நாளொன்றுக்கு 86 ஜிகாபைட். 1 டெராபைட் டிஸ்கில் சுமார் 11 நாள், 2 டெராபைட்டில் சுமார் 23 நாள் பதிவு நிற்கும். அதன் பிறகு பழையது அழிந்து புதியது எழுதப்படும். குடும்பத்தோடு ஊருக்குப் போய்த் திரும்ப இரண்டு வாரம் ஆகிவிடுவது உண்டு என்பதால், 2 டெராபைட்டுக்குக் குறைத்து நான் போடுவதில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிள், சீகேட்டின் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்புக்கென்றே தயாரிக்கப்படும் டிஸ்கை வாங்குங்கள். கணினியில் கிடந்த பழைய டிஸ்க் இரவும் பகலும் எழுதும் வேலைக்கு உரியதன்று.

வரவேற்பறையில் டிவிக்குக் கீழே, விளக்குகள் மினுக்க, எல்லோர் கண்ணிலும் படும்படி பதிவுக் கருவியை வைப்பது வேண்டாம். திருட வந்தவர்கள் டிவிஆரையும் கழற்றிக்கொண்டு போன செய்திகளை நாளிதழ்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். படுக்கையறைப் பரணில், பூட்டக்கூடிய, காற்றோட்டத்துக்குத் துளையுள்ள இரும்புப் பெட்டிக்குள் வைக்கலாம். முழுவதும் மூடிவிட்டால் கோடை வெப்பத்தில் டிஸ்க் கெடும். பதிவுக் கருவி, கேமராக்களின் மின்வழங்கி, ரவுட்டர் ஆகிய மூன்றுமே இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்க வேண்டும். ரவுட்டரை மட்டும் மறந்துவிட்டால், மின்சாரம் போன நேரத்தில் பதிவு நடக்கும், உங்கள் கைபேசிக்கு எச்சரிக்கை வராது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மொட்டைமாடி வழியாகப் போகும் கேபிள்கள்தான் முதலில் அடிபடுகின்றன. அவற்றைச் சுவரோரமாகப் பைப்புக்குள் கொண்டுவந்து, திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் பொருத்தி, வீட்டின் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். 2016ஆம் ஆண்டில் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகெங்கும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டே இணையதளங்களின் முகவரிகளைக் கண்டறிந்து தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. பொருத்த வந்தவர் வைத்துவிட்டுப் போகும் கடவுச்சொல்லை அன்றைக்கே, அவர் போனபின், நீங்களே மாற்றுங்கள். வெளியிலிருந்து கருவியை நேரடியாகப் பார்க்க ரவுட்டரில் போர்ட் (இணைய வாயில்) திறந்துவிடும் பழைய வழியை விட்டுவிட்டு, நிறுவனத்தின் செயலி மூலமாக மட்டும் பாருங்கள். கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து வையுங்கள். இந்தியாவில் விற்கும் கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருப்பதால், அந்தச் சான்று உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள். படுக்கையறைக்குள்ளும் பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கியும் கேமரா வேண்டாம். சந்துக் கேமராவில் அடுத்த வீட்டுப் பகுதி விழுந்தால், அந்த இடத்தை மட்டும் மறைக்கும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் கருவியின் நேரத்தைச் சரிபாருங்கள். பல கருவிகள் சீன நேரத்தில் அமைந்து வருகின்றன. அதை நம் நேரத்துக்கு மாற்றி, இணையத்தோடு தானாக ஒத்துப்போகும்படி வைக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும் பதிவு விசாரணையில் தேவையற்ற குழப்பத்தை உண்டாக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி, பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்க ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தப் படிவத்தில் டிவிஆர் என்றே ஒரு கட்டம் இருக்கிறது. கருவியின் நிறுவனம், மாடல், வரிசை எண், கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) ஆகியவற்றையும் அது கேட்கிறது. ஆகவே வரிசை எண் எழுதப்பட்ட பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்துப் பதிவைத் தேடி எடுத்துப் பென்டிரைவில் நகல் செய்வதை, பொருத்துபவர் இருக்கும்போதே நீங்களும் வீட்டில் இன்னொருவரும் செய்து பழகிக்கொள்ளுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, ஒட்டடை அடிக்கும் அதே நாளில், பத்து நாளுக்கு முந்தைய பதிவு ஒன்றைத் திறந்து பார்த்தால், டிஸ்க் பழுதாகிப் பதிவு நின்றுபோயிருந்தாலும் உடனே தெரிந்துவிடும்.