கணினி கேள்வி பதில்: கிளீனர் போடலாமா? எதை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது?

வீட்டுக் கணினி மெதுவாகிறது, சி டிரைவ் நிரம்பிவிட்டது, தேவையற்ற கோப்புகளை நீக்கும் கிளீனர் சாஃப்ட்வேர் போட்டால் சரியாகுமா என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் சிலவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். மெனுப் பெயர்கள் விண்டோஸ் 11-ல் உள்ளவை. விண்டோஸ் 10-லும் பெரும்பாலும் இவையேதான்.

“திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 1,346 பிழைகள்’ என்று அடிக்கடி வருகிறது. சரிசெய்ய 1,499 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?” – வாசகர், விருதுநகர்

கட்ட வேண்டாம். இந்த மாதிரி மென்பொருள்கள் ஒவ்வொரு குக்கியையும் (இணையதளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு), பிரவுசர் சேமித்து வைத்த ஒவ்வொரு படத்தையும், விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரிஜிஸ்ட்ரியில் கிடக்கும் ஒவ்வொரு பழைய வரியையும் தனித்தனிப் ‘பிழை’யாக எண்ணிக் காட்டுகின்றன. நேற்று வாங்கிய கணினியில் ஓட்டினாலும் சில நூறு வரும். இப்படி மிரட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்களை வேண்டாதவை என்று வகைப்படுத்தி நீக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்து, 2018 மார்ச் முதல் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். செய்திப் பெட்டியில் குரோம் அல்லது எட்ஜ் சின்னமும் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயரும் சிறிய எழுத்தில் இருந்தால், கணினியில் எதுவும் நிறுவப்படாமலே கூட இது நடந்திருக்கலாம். ஏதோ ஒரு தளத்தில் ‘அலோ’ என்பதை அழுத்தியிருப்பீர்கள். குரோமில் செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → சைட் செட்டிங்ஸ் → நோட்டிஃபிகேஷன்ஸ் போய், அனுமதி பெற்ற பட்டியலில் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். அத்தோடு நின்றுவிடும்.

இணையதளப் பெயர் இல்லாமல் மென்பொருளின் பெயர் தெரிந்தால், செட்டிங்ஸ் → ஆப்ஸ் → இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தி, தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்திருப்பதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஒரு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

திரையில் தொலைபேசி எண் வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. அழைத்து, கார்டு விவரத்தையோ ஓடிபியையோ கொடுத்துவிட்டவர்கள் உடனே வங்கியிடமும், இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் சொல்லிவிடுங்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

“128 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவில் 2 ஜிபிதான் மிச்சம், சிவப்புக் கோடு வந்துவிட்டது. எந்தக் கிளீனர் நல்லது?” – வாசகி, திருச்சி

முதலில் விண்டோஸிலேயே இருப்பதைப் பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து எதுவும் இறக்கத் தேவையில்லை. (எஸ்எஸ்டி என்பது பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு. 128 ஜிபி வாங்கியும் விண்டோஸில் 119 என்றுதான் காட்டும். மீதி தொலைந்துபோகவில்லை, கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு அது.)

செட்டிங்ஸ் → சிஸ்டம் → ஸ்டோரேஜ் → டெம்பரரி ஃபைல்ஸ். ஒரு பட்டியல் வரும், பக்கத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்றும் இருக்கும். ‘ரிமூவ்’ பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

‘டவுன்லோட்ஸ்’ என்ற வரியில் டிக் இருக்கவே கூடாது. வாட்ஸ்அப் வெப்பில் சேமித்தவை, மின்கட்டண ரசீது, மதிப்பெண் சான்றிதழ், ஆதார் பிடிஎஃப் எல்லாம் நம் வீடுகளில் அந்த ஃபோல்டரில்தான் கிடக்கின்றன. அதைக் கையால் திறந்து, பெயர் பார்த்து, வேண்டியதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு மற்றதை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள்.

‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’ பல ஜிபி காட்டலாம். புதிய அப்டேட் வந்ததால் பயனற்றுப்போன பழைய கோப்புகள்தான் அவை. தாராளமாக அழிக்கலாம், ஆனால் நேரம் பிடிக்கும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் மின்தடை வரும் நேரம் பார்த்து ஓட்டாதீர்கள். ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’, ‘தம்ப்நெயில்ஸ்’, ‘டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ்’ ஆகியவற்றை அழித்தாலும் நஷ்டமில்லை, தேவைப்படும்போது விண்டோஸ் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அதனால்தான் அவற்றைத் தினமும் அழிப்பதில் பயனும் இல்லை. படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறக்கும்போது சிறிது தாமதம்தான் மிஞ்சும்.

‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்று ஒரு வரி இருந்தால் அண்மையில் பெரிய அப்டேட் ஏறியிருக்கிறது என்று பொருள். 10 ஜிபிக்கு மேல்கூட இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர், ஸ்கேனர், நீங்கள் நம்பியிருக்கும் கணக்கு மென்பொருள் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். அழித்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி போய்விடும். பொறுக்க முடியுமானால் விட்டுவிடுங்கள், வழக்கமாக 10 நாளில் விண்டோஸே அதை நீக்கிவிடும்.

அதே பக்கத்தில், வேண்டாத கோப்புகளைத் தானாகவே அழிக்கும் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ இருக்கிறது. அதை ஆன் செய்தால், உள்ளே போய் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கான கெடுவை ‘நெவர்’ என்று வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடம் வேண்டி ஒரு கோப்பை ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுத்தால் அது இணையச் சேமிப்பில் அப்படியே இருக்கும். ‘டிலீட்’ கொடுத்தால் அங்கிருந்தும் போய்விடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு புகைப்படங்களை இழந்தவர்கள் உண்டு.

இவ்வளவு செய்தும் இடம் போதவில்லையா? விஸ்ட்ரீ அல்லது வின்டிர்ஸ்டாட் போன்ற இலவச மென்பொருள் எதையும் அழிக்காமல், எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்றிருக்கிறது என்று மட்டும் காட்டும். திருமண வீடியோ, ஒரே படத்தின் மூன்று பிரதிகள் என்று பெரும்பாலும் நம்முடைய கோப்புகளே பட்டியலின் மேலே நிற்கும். அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்துங்கள். ஆனால் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரை மட்டும் கட்-பேஸ்ட் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் மென்பொருள்கள் ஓடாமல் போகும். உங்கள் எஸ்எஸ்டியில் எப்போதும் 15 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த பெரிய அப்டேட் பாதியில் நிற்கும்.

“கிளீனரில் ‘ஃபிக்ஸ் ரிஜிஸ்ட்ரி’ கொடுத்தேன். அதிலிருந்து பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் ஸ்கேனரும் வேலை செய்யவில்லை.” – வாசகர், காரைக்குடி

விண்டோஸும் மென்பொருள்களும் தம் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம் ரிஜிஸ்ட்ரி. ஒரு வரி சுட்டும் கோப்பு அந்த இடத்தில் இல்லையென்றால் கிளீனர் அதை ‘அநாதை’ என்று முடிவு கட்டுகிறது. அந்தக் கோப்பு அப்போது செருகாத பென் டிரைவில் இருக்கலாம். பழைய மென்பொருள் தனக்கே உரிய முறையில் வழியைக் குறித்து வைத்திருக்கலாம். கிளீனருக்கு இது தெரியாது. உங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுதான்.

இதனால் கிடைக்கும் லாபமும் இல்லை. நூற்றுக்கணக்கான வரிகளை நீக்கினாலும் மிச்சமாவது சில கிலோபைட். விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியை முதல் வரியிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை, வேண்டிய வரியை நேரே போய் எடுக்கிறது. ஆகவே வேகமும் அதிகரிக்காது. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

இப்போது சரிசெய்வோம். நீக்கும் முன் ‘பேக்கப் எடுக்கவா’ என்று கிளீனர் கேட்டிருக்கும். ‘யெஸ்’ கொடுத்திருந்தால், பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் அன்றைய தேதியோடு ரிஜிஸ்ட்ரி கோப்பு ஒன்று இருக்கும். அதை டபுள் கிளிக் செய்து, கேட்கும்போது ‘யெஸ்’ கொடுத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அது இல்லையென்றால், ஸ்டார்ட் மெனுவில் ரெஸ்டோர் பாயிண்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, வரும் பெட்டியில் ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ பொத்தானை அழுத்துங்கள். கிளீனர் ஓட்டிய நாளுக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுத்து, ‘ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு நிறுவியவை போய்விடும் என்பதால் என்னென்ன போகும் என்று அது காட்டும். உங்கள் கடிதங்கள், படங்களை இது தொடாது. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

தேதிப் பட்டியல் காலியாக இருந்தால் அந்த இரண்டு மென்பொருளையும் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி நிறுவுவதுதான் வழி. பல கணினிகளில் இந்தப் பாதுகாப்பு ஆஃப் ஆகவே இருக்கிறது. அதே பெட்டியில் சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, ‘கான்ஃபிகர்’ அழுத்தி இன்றே ஆன் செய்துகொள்ளுங்கள்.

“சிகிளீனரில் வைரஸ் வந்ததாகக் கேள்விப்பட்டேன். இன்னும் நம்பலாமா?” – வாசகர், மட்டக்களப்பு

2017-ல் நடந்தது உண்மை. பிரிஃபார்ம் நிறுவனத்தின் சிகிளீனரை அந்த ஆண்டு ஜூலையில் ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட் வாங்கியது. ஆகஸ்ட் 15 அன்று வெளியான 5.33 பதிப்பின் 32 பிட் வடிவத்துக்குள் தாக்குபவர்கள் தீய நிரலைச் செருகியிருந்தார்கள். சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செப்டம்பரில் கண்டுபிடித்துச் சொல்லும்வரை அது அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, சரியான டிஜிட்டல் கையொப்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது. சுமார் 22.7 லட்சம் பேரிடம் போனது. அடுத்த கட்டத் தாக்குதல் சில பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் கணினிகளைக் குறிவைத்தது. பிறகு வந்த பதிப்புகளில் அந்த நிரல் நீக்கப்பட்டது.

போட வேண்டும் என்றால் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பையும், ‘கிராக்’ செய்த கட்டணப் பதிப்பையும் தொடாதீர்கள். நிறுவும்போது கூடவே வேறு பிரவுசரோ ஆன்டிவைரஸோ சேர்த்துக் கொடுத்தால் டிக்கை எடுத்துவிடுங்கள்.

உள்ளே ‘கஸ்டம் கிளீன்’ பகுதிக்குப் போய் முதலில் ‘அனலைஸ்’ மட்டும் கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள். குக்கீஸ், சேவ்டு பாஸ்வேர்ட்ஸ், ஃபார்ம் விவரங்கள் ஆகியவற்றில் டிக் வேண்டாம். குக்கி போனால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். பாஸ்வேர்ட் நினைவில்லாதவர்களுக்கு அங்கேயே சிக்கல் ஆரம்பம். ‘வைப் ஃப்ரீ ஸ்பேஸ்’ எஸ்எஸ்டியில் கூடவே கூடாது. காலி இடம் முழுவதையும் எழுதி நிரப்பி, டிரைவின் ஆயுளை வீணாகக் குறைக்கும். பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருளைப் புதுப்பிக்கும் டிரைவர் அப்டேட்டரும் வேண்டாம். டிரைவரை விண்டோஸ் அப்டேட் வழியாகவோ லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ எடுங்கள்.

எங்கள் அபிப்பிராயம்: வீட்டுக் கணினிக்கு இது அவசியமில்லை.

“பிரீஃபெட்ச், வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர்களை அழித்தால் வேகம் கூடும் என்கிறார்களே?” – வாசகர், சேலம்

அதிகரிக்காது. மென்பொருள்களைச் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்புகள் பிரீஃபெட்சில் இருக்கின்றன. அழித்தால் சில நாள் மெதுவாகத்தான் திறக்கும். விண்டோஸின் சொந்தப் பாகங்கள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ்ஸை அழித்தால் அப்டேட்டுகள் ஏறாது, விண்டோஸே தொடங்காமலும் போகலாம். ஒரே கோப்பு இரண்டு இடத்திலும் கணக்கில் வருவதால் அதன் அளவு உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ ஃபோல்டரையும் விட்டுவிடுங்கள். அது போனால் ஆபிஸ் போன்றவற்றை அப்டேட் செய்யவும் முடியாது, நீக்கவும் முடியாது.

வேகம்தான் வேண்டுமென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதியில் தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். ‘டிஸ்க்’ எப்போதும் 100 சதவீதத்தில் நிற்கிறது, உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், எஸ்எஸ்டி மாற்றுவது தரும் வித்தியாசத்தை எந்தக் கிளீனரும் தராது.

“கிளீனர் ஓட்டியதில் குழந்தையின் படங்கள் போய்விட்டன. மீட்க முடியுமா?” – வாசகி, நாகர்கோவில்

கணினியை இப்போதே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அழிந்த படங்கள் இருந்த இடத்தின் மேல் புதிதாக எதுவும் எழுதப்படக் கூடாது. ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ரெகுவா போன்ற மீட்பு மென்பொருளை வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவிலிருந்து ஓட்டுங்கள். மீட்கும் படங்களை அதே டிரைவில் சேமிக்காமல் வெளி டிஸ்க்கில் சேமியுங்கள்.

எஸ்எஸ்டி என்றால் டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைச் சீக்கிரமே உண்மையாகத் துடைத்துவிடும். அங்கே மீட்பது அரிது. அதற்கு முன் படம் எடுத்த போனில் கூகுள் போட்டோஸின் ட்ராஷ், ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின், உறவினர்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடல்கள் மூன்றையும் தேடுங்கள். முதல் இரண்டிலும் அழித்தவை குறிப்பிட்ட நாள்தான் தங்கும் என்பதால் இதை இன்றே செய்யுங்கள்.