கரன்ட் வயர் வழியாக மேல்மாடிக்கு இன்டர்நெட் போகுமா?

கல்லடியில் மாடிவீடு, ரவுட்டர் கீழே, மேல் அறைக்கு வை-ஃபை எட்டவில்லை, சுவரையும் உடைக்க விருப்பமில்லை என்கிறீர்கள். போகும். அதற்குப் பவர்லைன் அடாப்டர் (கரன்ட் வயரிலேயே இன்டர்நெட்டை அனுப்பும் சிறு பெட்டி) ஒரு சோடி வேண்டும்.

ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்தில் செருகி லான் வயரால் இணையுங்கள். மற்றதை மேல் அறையில் செருகி, இரண்டிலும் உள்ள 'பேர்' (Pair, சோடி சேர்க்கும்) பட்டனை அழுத்தினால் சரி. நம் கரன்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் அதே வயரில் பல மெகாஹெர்ட்ஸ் அலையை ஏற்றி அனுப்புகிறது, இரண்டும் மோதிக்கொள்வதில்லை.

முதலில் மெயின் போர்டைப் பாருங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் கீழ் பிளக்கும் மேல் பிளக்கும் ஒரே ஃபேஸில் இருப்பது நல்லது. வேறு ஃபேஸ் என்றால் சிக்னல் மிகவும் தளர்ந்துவிடும், சில வீடுகளில் வரவே வராது. அடுத்தது, அடாப்டரை நேரே சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின் ஏற்றத்தைத் தடுப்பது) உள்ள மல்டி பிளக் இந்த அலையையும் இரைச்சல் என்று வடிகட்டிவிடும். மலிவான போன் சார்ஜர், எல்ஈடி பல்புகளும் குழப்பும். கடற்காற்றில் துருவேறிய பழைய பிளக் பொயின்ட் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பெட்டியில் 1200 எம்பிபிஎஸ் (Mbps) வேகம் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், அதில் சிறு பங்குதான் கைக்கு வரும். படம் பார்க்க, ஸூம் வகுப்புக்கு அது தாராளம்.

இடி மின்னல் நேரத்தில் இரண்டையும் கழற்றி வையுங்கள். அப்புறம், வெளிச்சுவரோடு ஒரு கேட் 6 (Cat 6) லான் வயரை மேலே ஏற்ற வழியிருந்தால், நான் அதைத்தான் செய்வேன்.